எந்தப் பெயருக்கு அனுப்பினாலும்...

மழை என்ன, சொல்லிக்கொண்டா வருகிறது? தெருமுனை திரும்பும்போது பல்லைக் காட்டிக்கொண்டிருந்த வெயில், நான்கு கடை தாண்டுவதற்குள் காணாமல் போயிருந்தது. அடுத்த நிமிடம் கொட்டித் தீர்த்தது வானம்.

அவள் மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம்... பை நனைந்தால் பிழைப்பே நனைந்துவிடும். கண்ணில் பட்ட முதல் கடையின் கூரைக்குள் அவள் பாய்ந்த அதே நொடியில், உள்ளேயிருந்து ஒருவன் வாசல் பலகையை எடுத்து வைக்க வெளியே பாய்ந்தான்.

மோதல் என்றால் அப்படி ஒரு மோதல். பலகை ஒரு பக்கம், பை ஒரு பக்கம். அவளுடைய மூக்குக்கண்ணாடி எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. பிறகு 'நறுக்'கென்று ஒரு சத்தம் வந்தது... தெரிந்துவிட்டது.

"அசையாதீங்க... கண்ணாடி கீழ எங்கேயோ விழுந்திருக்கு," என்றான் அவன்.

"நான் அசையல. நீங்கதான் அது மேல நிக்கறீங்க."

அவன் காலைத் தூக்கினான். ஒரு கண் விரிசல் விட்டு, ஒரு காது மடங்கி, அவளுடைய கண்ணாடி பரிதாபமாகப் படுத்திருந்தது. அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே நனைந்த ஓவியம்தான். எதிரில் நிற்பவன் உயரமாக ஒரு நீலச் சட்டை... அவ்வளவுதான்.

"கொஞ்சம் உக்காரணும். இது என்ன கடை?"

நீலச் சட்டை தயங்கியது. தொண்டையைச் செருமியது.

"கண்ணாடிக் கடைங்க."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஓ... வியாபாரம் பிடிக்கிறது இப்படித்தானா? மழை நாள்ல வாசல்ல நின்னு மிதிக்கிறது?"

"வேணும்னு மிதிக்கலங்க."

"பழக்கப்பட்ட கால் மாதிரி இருந்துச்சே."

அவன் பையை எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தான். இந்தப் பக்கம் படி இருக்கு, இங்க நாற்காலி இருக்கு என்று சொல்லிச் சொல்லி உள்ளே அழைத்துப் போனான். கையைப் பிடிக்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

உள்ளே நாற்காலிக்கு எதிரே சின்னதும் பெரியதுமாக எழுத்துப் பலகை. அவளுக்கு அது வெறும் வெள்ளைச் சதுரம். சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்தான் அவன்.

"முதலாவதா... ரெண்டாவதா?"

"முதலாவது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"அது."

"இது?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல மறந்துபோனாள் என்பதுதான் உண்மை. எழுத்துப் பலகைக்கும் அவளுக்கும் நடுவில் குனிந்திருந்த முகம் அந்த வில்லையில் சட்டென்று தெளிந்துவிட்டது. நேரான புருவம்... ஈரம் சொட்டும் முன்முடி... கேட்ட கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து, இமைக்காமல் காத்திருக்கும் இரண்டு கண்கள். ஆற்றுக் கூழாங்கல் நிறத்தில். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா காலுக்கடியில் இருந்ததைப் பார்க்கவில்லை இந்த மனிதர்?

"இது எப்படிங்க இருக்கு?" என்றான் மறுபடி.

"தெளிவா இருக்கு," என்றாள். அவள் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை என்பதை அவன் கவனித்துவிட்டான். காது மடல் சிவந்தது. அந்தச் சிவப்பும் தெளிவாகவே தெரிந்தது.

புது வில்லை அறுத்துப் பொருத்த ஒரு மணி நேரமாகும், தயாரானதும் கூப்பிடுகிறேன் என்று தன் எண்ணைக் கொடுத்தான். அவள் சோதனைச் சட்டத்தோடேயே கைபேசியில் பதிந்தாள்.

"பேர் என்னன்னு போடட்டும்... வேண்டாம், நானே போட்டுக்கறேன். 'மிதிச்சவர்'."

"அது நல்லா இல்லைங்க."

"மறக்காது இல்ல?"

மழையும் விடுவதாக இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் கல்லாவில் இருந்த இன்னொருத்தியைப் பார்த்தாள். அவனுடைய அக்கா. கடை அக்கா பெயரில்தான் இருந்தது. அப்பா போன பிறகு கடையையும் தம்பியையும் சேர்த்துத் தூக்கி நிறுத்தியவள் என்பது அந்த நிமிர்ந்த உட்காரலிலேயே தெரிந்தது. அக்கா கைபேசியைக் கை எட்டும் தூரம் வரை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கினாள்.

"டேய்... இதைப் படிச்சுச் சொல்லு. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் கடையில் முதலாளி மூக்கு மட்டும் காலி. "கண்ணாடி போட்டா வயசாயிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு இன்னும் ஆகல," என்பது அக்கா கட்சி. தம்பி அதை எதிர்த்துப் பேசி ஓய்ந்துபோன ஆள்.

அவன் படித்தான். பெரிய தொழிற்சாலை ஒன்று. பட்டறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமாம். இவர்கள் அனுப்பிய விலையும் பிடித்திருக்கிறது. ஆனால் இலவச மெயிலில் இருந்து வருவதைக் கொள்முதல் பிரிவு ஏற்காது. கடையின் சொந்தப் பெயரிலுள்ள முகவரியிலிருந்து அனுப்பினால்தான் பேச்சு.

"நமக்குத்தான் சொந்தப் பேர் இருக்கேடா, இணையத்துல. வாங்கி வச்சிருக்கோமே."

"பேர் இருக்குக்கா. அந்தப் பழைய கம்பெனிக்காரன் குடுத்த மெயில் பெட்டிதான் சரியில்ல. நாம அனுப்பினா போய்ச் சேராது, வந்தா பெட்டி நிரம்பிடுச்சும்பான். அதனாலதானே விட்டோம்."

அவள் சோதனைச் சட்டத்தைச் சரிசெய்துகொண்டாள். "அது என் வேலைங்க," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"பேர் உங்களோடது, அது எங்கயும் போகாது. மெயிலை மட்டும் பழைய இடத்துல இருந்து எடுத்து, நல்ல கிளவுட் சேவைக்கு மாத்திடலாம். ஒரு காலைப் பொழுது போதும். நான் இதைத்தான் செய்யறேன்... தனியா."

தனியாக ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகிறது, இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடைக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, மாத்தறப்போ எங்களுக்கு வர்ற மெயில் எதுவும் காணாமப் போயிடாதே? இந்த ஆர்டரை நம்பித்தான் புது மெஷின் வாங்கறதா இருக்கோம்."

"ஒண்ணுகூடத் தவறாது. தவறினா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் அந்தக் கூழாங்கல் கண்கள் அவளை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தன. வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அவள் புதுக் கண்ணாடியோடு படியிறங்கியபோது, உள்ளே அக்கா அடிக்குரலில் சொன்னது காதில் விழுந்தது. "மழைக்கு ஒதுங்கினவ கையில கடையையே குடுக்கப் பாக்கற... பாத்து நடந்துக்கோ."

திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. இணையப் பெயர் வாங்கிய கணக்கின் கடவுச்சொல் அக்காவிடம் இருந்தது. யாருக்கும் சொல்ல மாட்டாள். தானே தட்டுவேன் என்று அடம்பிடித்து, திரையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நான்காவது முயற்சியில் திறந்தாள். திறந்ததும் வாடிக்கையாளர் வந்துவிட, எழுந்து போனாள்.

அவன் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எனக்கும் சொல்லிக் குடுங்க. நாளைக்கு ஏதாவதுன்னா உங்களையே கூப்பிட்டுட்டு இருக்க முடியாது."

"ஏன், கூப்பிட்டா என்ன?"

அவன் காது மறுபடி சிவந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"உங்க இணையப் பேருக்குன்னு வெளில ஒரு அறிவிப்புப் பலகை இருக்குன்னு வச்சுக்கோங்க. யார் மெயில் அனுப்பினாலும் முதல்ல அந்தப் பலகையைத்தான் பாக்கும். 'இந்தக் கடைக்கு வந்த மெயிலை இந்த வாசல்ல போடு'ன்னு அதுல ஒரு வரி இருக்கும். இப்ப இருக்கிறது பழைய வாசல். அதை அழிக்கறேன்... புது வாசல் போடறேன். அவ்வளவுதான்."

"இது என்ன வரி? சம்பந்தமில்லாம எழுத்தும் எண்ணுமா இருக்கு..."

"இது சும்மா எழுத்து வரி. பேர் உங்களோடதுதான்னு நிரூபிக்கச் சொல்லி, புதுச் சேவைக்காரங்க ஒரு குறி குடுப்பாங்க. அதை நீங்க பலகையில ஒட்டிட்டா நம்பிடுவாங்க. இதுக்குக் கீழ இருக்கிறது அனுமதி வரி. 'இந்தக் கடை பேர்ல மெயில் அனுப்ப இவங்களுக்குத்தான் அனுமதி'ன்னு சொல்லும். அது இல்லன்னா நீங்க அனுப்பறதை எல்லாரும் குப்பையில தள்ளிடுவாங்க."

"எழுத்து வரியில வேற எதை எழுதினாலும் ஏத்துக்குமா?"

"எதை வேணா எழுதலாம். உலகத்துல யார் வேணா பாக்கலாம். ஆனா யாரும் பாக்க மாட்டாங்க."

"நீங்க?"

"நான் பாப்பேன். திங்கட்கிழமை காலைல, காபி ஆறதுக்குள்ள, என் வாடிக்கையாளர் பலகை எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுவேன்."

"எத்தனை வாடிக்கையாளர் இருக்காங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாம்தான். "நீங்கதான் முதல்."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப காபி ஆறவே ஆறாது," என்றான் அமைதியாக. அவளுக்கு ஏனோ அந்தக் குரல் ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியாக, கடைக்கென்று முகவரிகளைத் திறந்தாள். "இன்னொண்ணு இருக்கு. யாராவது பேரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு வைங்க. நம்ம கடையில இல்லாத பேர். அந்த மெயில் திரும்பிப் போகாம ஒரே பெட்டியில வந்து விழற மாதிரி பண்ணிடலாம். உங்க பெட்டியிலயே விழட்டும்."

"அப்ப எந்தப் பேருக்கு அனுப்பினாலும் எனக்கு வந்துடும்?"

"வந்துடும்."

மதியத்துக்குள் முதல் மெயில் கடைப் பெயரிலேயே போய், தொழிற்சாலையிலிருந்து பதிலும் வந்துவிட்டது. அக்காவே 'பரவாயில்லை' என்பதுபோலத் தலையாட்டினாள். அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். எதிரில் வந்த ஒருவர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

யார் கண் பட்டதோ... வெள்ளிக்கிழமை 'மிதிச்சவர்' கூப்பிட்டார். குரலில் மிதிபட்ட சத்தம்.

"கொஞ்சம் கடைக்கு வர முடியுமா?"

போனாள். அக்கா கல்லாவில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"தொழிற்சாலையில இருந்து போன் வந்துச்சு. மாதிரிக் கண்ணாடி கேட்டு மெயில் அனுப்பினாங்களாம், நினைவுபடுத்தி இன்னொண்ணும் அனுப்பினாங்களாம். பதிலே இல்லையேங்கறாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் போகலன்னா வேற கடைக்குக் குடுத்துடுவாங்க. எனக்கு ரெண்டுமே வரல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணுகூடத் தவறாதுன்னு சொன்னீங்க..."

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அக்கா.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பலகையைப் பார்க்கக் கடவுச்சொல் வேண்டாம்... யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் அல்லவா? பார்த்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது. புது வாசலுக்குப் பக்கத்திலேயே, அதே முன்னுரிமை எண்ணோடு, பழைய வாசலும் நின்றுகொண்டிருந்தது. வருகிற மெயிலில் பாதி இங்கே, பாதி அங்கே. சில மெயில் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

"நான் அழிச்ச வரி திரும்ப வந்திருக்கு. அது தானா வராது. யாரோ உள்ள போய் எழுதியிருக்காங்க."

அக்கா வெளியே தெருவைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல இதை யாரும் தொட மாட்டாங்க," என்றான் அவன். ஆர்டர் கைநழுவிப் போகும் பயம் அவனைப் பேச வைத்தது. "வேலைன்னா தப்பு வரும்தான். வந்தா ஒத்துக்கலாமே... எதுக்கு எங்க மேல போடணும்?"

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுதால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அதை அங்கேயே நிறுத்தினாள். திரையை மூடினாள்.

"பழைய பெட்டியைத் திறந்து பாருங்க. ரெண்டு மெயிலும் அங்கதான் இருக்கும். எடுத்ததும் முதல்ல பதில் போடுங்க... சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. அப்புறம் அந்தப் பழைய வரியை அழிச்சுடுங்க." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நான் சொன்ன சொல் தவறல. நீங்கதான் நம்பல. வரேன்."

மழையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்குக் கண்ணாடி மங்கலாகத்தான் தெரிந்தது.

அவள் போன பிறகு அவன் பழைய பெட்டியைத் திறந்தான். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றி, ஒருவழியாக உள்ளே போனான். தொழிற்சாலையின் இரண்டு மெயில்களும் திறக்கப்படாமல் அங்கேதான் இருந்தன. பதில் அனுப்பி, போனிலும் மன்னிப்புக் கேட்டு, மாதிரிக் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஆர்டர் தப்பித்தது.

திரும்பி வந்தபோது அக்கா கல்லாவை விட்டு எழுந்து நின்றாள். அக்கா அப்படி நின்று அவன் பார்த்ததே இல்லை.

"நான்தான்டா. அவ போன அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பழைய கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டேன். அவன் சொல்லச் சொல்ல நானே தட்டினேன். ஒரு வாசல் அடைச்சாலும் இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு... ரெண்டு வாசல் இருந்தா வீட்டுக்கு நல்லதுதானே?"

"பழைய பெட்டியைத் திறந்தாவது பாத்தியாக்கா?"

"எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கே."

கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? அவன் அக்காவை உட்கார வைத்தான். "இனிமே எனக்குத் தெரியாம எதுவும் வேண்டாம்க்கா. கை தவறி வர்ற மெயில் ஒண்ணுகூட விடாம உன் கண்ணுல படற மாதிரி நானே பண்ணித் தரேன். போதுமா?" அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது; கடவுச்சொல்லை அவளே தட்டித் திறந்துகொடுக்க, அவன் பழைய வரியை அழித்தான். அவனுக்குத்தான் எதுவும் போதவில்லை. அவளைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பக் கூப்பிட்டான். ஓய்ந்தது.

தன் அறையில் அவள், கைபேசித் திரையில் 'மிதிச்சவர்' மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொருத்தமான பெயர்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வந்தது.

கோபம் வேறு, வேலை வேறு. அவள் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் ஒரே வாடிக்கையாளரின் பலகையைத் திறந்தாள். பழைய வாசல் போயிருந்தது. நல்லது. எழுத்து வரிகளுக்கு வந்தாள்... கை அப்படியே நின்றது.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

'தப்பு என் மேல. உங்க சொல் தவறல. நீங்க வராத கடை மங்கலாத் தெரியுது.'

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உலகமே பார்க்கக்கூடிய இடத்தில், அவள் ஒருத்தி மட்டும் பார்ப்பாள் என்று நம்பி எழுதி வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமையே எழுதியிருப்பான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்திருப்பான்... பைத்தியம்.

பிறகு அவளுடைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. அனுமதி வரி எங்கே?

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். இல்லை. கைபேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏங்க... மன்னிப்பு எழுதறதுக்கு உலகத்துல வேற இடமே கிடைக்கலயா? அனுமதி வரியை அழிச்சுட்டு அது மேலயா எழுதுவீங்க?"

எதிர்முனையில் ஏதோ உருண்டு விழும் சத்தம்.

"சனி, ஞாயிறு லீவு நாள், தப்பிச்சீங்க. இன்னைக்கு நீங்க அனுப்பற மெயில் ஒவ்வொண்ணும் குப்பைக்குத்தான் போகும். கடையைத் திறந்ததும் எதையும் அனுப்பாதீங்க. நான் வரேன்."

"வர்றீங்களா?" அந்த ஒரு வார்த்தையில் கடை முழுக்க விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம்.

"வரிக்காக வரேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு சிரித்தாள். காபி ஆறியே போயிருந்தது.

போனபோது அக்கா எதிர்கொண்டு வந்தாள். அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் காபி கொண்டுவந்து வைத்தாள். "சர்க்கரை போதுமான்னு பாரும்மா... போதலன்னா சொல்லு, தயங்காதே," என்று மூன்று தடவை கேட்டாள். 

"போதும்க்கா. நல்லா இருக்கு," என்றாள் அவள். மனத்தில் மிச்சமிருந்ததும் அந்தக் காபியோடு கரைந்துவிட்டது.

அனுமதி வரியைப் புதிதாக எழுதினாள். அவன் முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"வரி சேர்க்கறது வேற, இருக்கிறதைத் திருத்தறது வேற. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நான் எழுதினதை... அழிச்சுடணுமா?"

அவள் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும். எழுத்து வரி எத்தனை வேணா இருக்கலாம். அது வாசல் இல்லையே."

"அக்காவுக்கும் ஒரு பெட்டி குடுத்துட்டேன். இப்ப வீட்ல சண்டை இல்ல," என்றான். பிறகு முக்காலியை விட்டு எழுந்தான். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமில்லை போலும். "அன்னைக்கு நான் பேசினது பயத்துல. அதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சு. எழுதினதுல கடைசி வரி மன்னிப்பு இல்லைங்க. அது... உண்மை. நீங்க எழுந்து போனதுல இருந்து எதைப் பாத்தாலும் சரியாத் தெரிய மாட்டேங்குது. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவளுக்கு உடம்பெல்லாம் மழை பெய்தது. ஆனால் இத்தனை சுலபத்தில் பதில் சொல்லிவிட்டால் அப்புறம் மரியாதை என்ன ஆவது? வெள்ளிக்கிழமை அவள் எத்தனை தூரம் தனியாக நடந்து போனாள்...

"பதில் மெயில்ல வரும்," என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்று மாலை எழுதினாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. கடைப் பெயருக்கு முன்னால் 'மிதிச்சவர்' என்று தட்டினாள். அப்படி ஒரு பெட்டி அந்தக் கடையில் கிடையாதுதான். இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன... எந்தப் பெயருக்கு அனுப்பினாலும் அவனிடம் போய் விழும்படி செய்தவளே அவள்தானே?

காலையில் போன் அடித்தது. மிதிச்சவர் இல்லை. அக்கா.

"கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போம்மா. ஒரு மெயில் வழி தெரியாம எனக்கு வந்திருக்கு."

அவள் ஓட்டமும் நடையுமாகப் படியேறினாள். உள்ளே அவன் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தான். முகம் பழுத்த பழம் மாதிரி. கல்லாவில் அக்கா. அவள் ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றாள்... அக்கா மூக்கில் கண்ணாடி. தங்க நிறச் சட்டத்தில், எடுப்பாக.

"இவன்தான்மா பண்ணிக் குடுத்தான். கை தவறி வர்ற மெயில் எல்லாம் இனிமே எனக்கு வரும்னு." அக்கா கைபேசியைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். "வழக்கம்போல இவனைத்தான் படிக்கச் சொன்னேன். முதல் வரியைப் பாத்துட்டு வாயே திறக்க மாட்டேன்னுட்டான். படிக்காம விட முடியுமா? தொழிற்சாலை மெயிலா இருந்தா? அதான் கண்ணாடியை எடுத்துப் போட்டுட்டேன். அட, இத்தனை நாள் என்னமோ எறும்பு எறும்புன்னு... ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தா இருக்கு."

"அக்கா... அது வந்து..."

"இரு, சந்தேகம் கேக்கத்தான் கூப்பிட்டேன். நம்ம கடையில 'மிதிச்சவர்' யாரு?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். நிதானமாக, ஒரு சொல் விடாமல்.

"'கண்ணாடி போட்டதும் எனக்கு முதல்ல தெரிஞ்சது எழுத்துப் பலகை இல்ல. உங்க முகம். அன்னைக்கே பிடிச்சுப்போச்சு. உங்க மேல இருந்த கோபம் இன்னைக்குக் காலைல காபியோட ஆறிப்போச்சு. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா உங்க அக்கா சம்மதம் இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். அவங்க கட்டிக் காப்பாத்தின வீடு அது.'"

படித்து முடித்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மழைக்கு ஒதுங்கினவன்னு சொன்னேன். மழைக்கு ஒதுங்க வந்தவளாம்மா நீ..." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மெயில் சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கு. சம்மதம் கேட்டு எழுதினதை என்கிட்ட அனுப்பாம வேற யார்கிட்ட அனுப்பறது? எனக்குச் சம்மதம். மிச்சத்தை மிதிச்சவரே சொல்லட்டும்." கைபேசியைத் தம்பி கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் கிட்டே வந்தான். அவள் கண்ணாடியை மெதுவாகக் கழற்றினான். உலகம் நனைந்த ஓவியமானது. நடுவில் ஒரு நீலச் சட்டை. மென்துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் காதுக்கு வலிக்காமல் மாட்டிவிட்டான். நேரான புருவம், கூழாங்கல் நிறக் கண்கள்... கேட்ட கேள்விக்குப் பதிலை எதிர்பார்த்து, இமைக்காமல்.

"இது எப்படிங்க இருக்கு?"

"இதுதான்," என்றாள் அவள். "இனிமே மாத்த வேண்டாம்."